படிக்கவும் கட்டணம், பதிக்கவும் கட்டணம்

2014இல் மேற்கு ஆப்பிரிக்காவை எபோலா சூறையாடியபோது லைபீரியாவில் மட்டும் 4,800 பேருக்கு மேல் மாண்டார்கள். எபோலா தங்கள் மண்ணுக்குப் புதிய நோய் என்றே அந்நாட்டு மருத்துவர்கள் நம்பியிருந்தார்கள். நோய் தணிந்துவந்த 2015 ஏப்ரலில், லைபீரியச் சுகாதார அமைச்சகத்தின் தலைமை மருத்துவ அதிகாரி பெர்னிஸ் டான் வேறு இருவருடன் சேர்ந்து நியூயார்க் டைம்ஸில் ஒரு கட்டுரை எழுதினார். பழைய ஆய்விதழ்களைத் துழாவியபோது கண்ணில் பட்ட ஒரு செய்தி அதில் இருந்தது. 1982இலேயே ஐரோப்பிய ஆய்வாளர்கள் லைபீரியர்களின் இரத்த மாதிரிகளைச் சோதித்து, எபோலாவுக்கான எதிர்ப்பொருள் சிலருடைய இரத்தத்தில் இருப்பதைக் கண்டிருக்கிறார்கள். எபோலா நிலைகொண்ட பகுதிகளில் லைபீரியாவையும் சேர்க்க வேண்டும், அங்குள்ள மருத்துவப் பணியாளர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று ‘அனல்ஸ் ஆஃப் வைராலஜி’ இதழில் எழுதியும் வைத்திருக்கிறார்கள். அந்தக் கட்டுரையை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ள அப்போது 45 டாலர் கட்ட வேண்டியிருந்தது. அது லைபீரிய மருத்துவர் ஒருவரின் அரை வாரச் சம்பளம்.

யாராவது 45 டாலர் கட்டியிருந்தால் அத்தனை உயிர்களும் பிழைத்திருக்கும் என்று சொல்லிவிட முடியாது. பெர்னிஸ் டானும் அப்படிச் சொல்லவில்லை. அந்த ஆய்வுகளில் லைபீரியர் ஒருவர்கூட இணையாசிரியராக இல்லை என்பதையும் அவர் சுட்டிக்காட்டினார். இரத்தம் கொடுத்த ஊருக்கு முடிவு திரும்பிவரவில்லை. கட்டணத்தைவிடப் பழைய அநீதி அது. ஆனால் தங்கள் உடம்பிலிருந்து எடுத்த இரத்தம் என்ன சொல்கிறது என்று படிப்பதற்கே ஒரு நாட்டு மக்கள் வேறொரு நாட்டு நிறுவனத்துக்குப் பணம் கட்ட வேண்டும் என்ற ஏற்பாடு எப்படி வந்தது, அதை மாற்ற முயன்றவர்கள் எதில் வென்றார்கள், எதில் தோற்றார்கள் என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். ஏனென்றால் அதே ஏற்பாட்டுக்கு இந்திய அரசு இப்போது 6,000 கோடி ரூபாய் செலவிட்டுக்கொண்டிருக்கிறது.

ஆய்விதழ் வணிகம் மற்ற எந்த வணிகத்தோடும் ஒப்பிட முடியாதது. ஆய்வாளருக்குச் சம்பளம் தருவது பல்கலைக்கழகம். கருவி, வேதிப்பொருள், களப்பணிச் செலவு பெரும்பாலும் அரசுப் பணம். ஆய்வாளர் கட்டுரையை எழுதி இதழுக்கு இலவசமாகத் தருகிறார். பதிப்புரிமையையும் எழுதிக் கொடுக்கிறார். கட்டுரை தேறுமா என்று பார்ப்பது அதே துறையைச் சேர்ந்த வேறு பேராசிரியர்கள். அவர்களில் பெரும்பாலோருக்கும் ஊதியம் இல்லை. பதிப்பகம் அதை ஒழுங்குபடுத்தி, வடிவமைத்து, எல்லாச் செலவையும் ஏற்றுக்கொண்ட அந்தப் பல்கலைக்கழகத்தின் நூலகத்துக்கே விற்கிறது. ஆய்விதழ்ப் பதிப்பகமான எல்சவியரை நடத்தும் ரெலக்ஸ் நிறுவனத்தின் ஆண்டறிக்கைகளைப் பார்த்தால், அறிவியல் பதிப்புப் பிரிவின் வருவாயில் நூற்றுக்கு 37, 38 ரூபாய் செயல்பாட்டு இலாபம். மூலப்பொருளும் தரச் சோதனையும் இலவசமாக வாய்த்த தொழிலில் இந்த இலாபம் வியப்பில்லை.

தொடக்கத்தில் இப்படி இல்லை. 1665இல் இலண்டன் ராயல் சொசைட்டியின் செயலாளர் ஹென்றி ஓல்டன்பர்க் ‘பிலசாஃபிகல் டிரான்ஸாக்‌ஷன்ஸ்’ இதழைத் தொடங்கியதிலிருந்து ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் ஆய்விதழ் என்பது பெரும்பாலும் அறிஞர் கழகங்களின் வேலையாகவே இருந்தது. அதில் பெரும்பணம் இருக்கிறது என்று இரண்டாம் உலகப் போருக்குப் பின் கண்டுகொண்டவர்களில் முதன்மையானவர் ராபர்ட் மேக்ஸ்வெல். செக்கோஸ்லோவாக்கியாவில் பிறந்து பிரிட்டிஷ் படையில் சேர்ந்து போரிட்டவர். 1951இல் ஒரு சிறிய அறிவியல் பதிப்பகத்தைக் கையில் எடுத்து அதற்குப் பெர்கமான் என்று பெயரிட்டார். அவர் புரிந்துகொண்ட சூட்சுமம் எளிமையானது. ஒரு ஆய்வுக் கட்டுரைக்கு இன்னொரு ஆய்வுக் கட்டுரை மாற்றாகாது. பருப்பு விலை ஏறினால் வேறு பருப்பு வாங்கலாம். ஒரு புரதத்தைப் பற்றிய கட்டுரை விலை ஏறினால் வேறு புரதத்தைப் பற்றிப் படித்துச் சமாளிக்க முடியாது. ஆகவே புதிய இதழ் தொடங்குவதால் பழைய இதழின் விற்பனை குறையாது. நூலகம் இரண்டையும் வாங்கியாக வேண்டும். அறிவியல் மாநாடுகளுக்குச் சென்று, புதிதாக முளைக்கும் துறை எதுவாயினும் அதற்கு ஒரு சர்வதேச இதழ் தொடங்கி, ஒரு பேராசிரியரை ஆசிரியராக அமர்த்துவது அவர் வழக்கம். போருக்குப் பிறகு மேலை அரசுகள் அறிவியலுக்குப் பணத்தைக் கொட்டிய காலம் அது. 1991இல் பெர்கமானை எல்சவியருக்கு 44 கோடி பவுண்டுக்கு அவர் விற்றார். அதே ஆண்டு நவம்பரில் அட்லாண்டிக் கடலில் அவருடைய உடல் மிதந்தது; தொழிலாளர் ஓய்வூதிய நிதியை அவர் சூறையாடியிருந்தது பிறகுதான் வெளிவந்தது. ஆனால் அவர் கண்ட சூட்சுமம் அவரோடு போகவில்லை. 2013இல் வெளியான ஆய்வுக் கட்டுரைகளில் பாதிக்கு மேல் ஐந்தே பெரும் பதிப்பகங்களிடம் இருந்தன என்று மான்ட்ரியலைச் சேர்ந்த வின்சென்ட் லாரிவியேரும் சக ஆய்வாளர்களும் 2015இல் கணக்கிட்டுக் காட்டினார்கள். 2012இல் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகக் குழு, ஆண்டுக்கு 37.5 லட்சம் டாலர் சந்தாவைத் தங்களால்கூடத் தாங்க முடியவில்லை என்று தன் பேராசிரியர்களுக்கு எழுதியது. உலகின் மிகச் செல்வமிக்க பல்கலைக்கழகத்தின் நிலை இதுவென்றால் திருநெல்வேலியிலும் யாழ்ப்பாணத்திலும் உள்ள நூலகங்களின் நிலையைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இவ்வளவு விலை கேட்டால் ஆய்வாளர்கள் வேறு இதழுக்குப் போகலாமே என்று தோன்றும். போக முடியாமல் கட்டிப்போட்டது யூஜின் கார்ஃபீல்டின் மேற்கோள் அட்டவணை. எந்தக் கட்டுரையை யார் மேற்கோள் காட்டுகிறார்கள் என்று தொகுத்து 1964இல் அவர் வெளியிட்ட அட்டவணை, நூலகங்கள் இதழ்களைத் தேர்ந்தெடுக்க உதவும் நல்ல கருவி. அதிலிருந்து பிறந்த ‘இம்பாக்ட் ஃபேக்டர்’ என்ற எண், காலப்போக்கில் இதழை அளப்பதை விட்டு மனிதரை அளக்கத் தொடங்கியது. நியமனம், பதவி உயர்வு, ஆய்வு நிதி எல்லாம் அந்த எண்ணைப் பார்த்தே என்றானபின், விலை உயர்ந்த இதழில் எழுதுவது ஆய்வாளருக்குப் பிழைப்பு ஆயிற்று. நம் கல்லூரிகளில் இன்று “ஸ்கோபஸ் பேப்பர் எத்தனை?” என்பதுதான் முதல் கேள்வி. ஸ்கோபஸ் எல்சவியரின் சொந்த அட்டவணை என்பது கேட்பவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? இதழ்களை விற்கும் நிறுவனமே இதழ்களுக்கு மதிப்பெண் போடும் பட்டியலையும் வைத்திருக்கிறது. அந்தப் பட்டியலைப் பார்த்து நம் பல்கலைக்கழகங்கள் ஆசிரியர்களை எடைபோடுகின்றன.

எதிர்ப்பு இயற்பியலிலிருந்து வந்தது. 1991 ஆகஸ்டில் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தில் பால் கின்ஸ்பார்க் என்ற இயற்பியலாளர், இதழில் அச்சாகும் முன்பே கட்டுரைகளைப் பகிர்ந்துகொள்ள ஒரு தானியங்கி மின்னஞ்சல் ஏற்பாடு செய்தார். இன்று ஆர்க்கைவ் என்று பெயர் பெற்றிருக்கும் அந்தக் களஞ்சியத்தில் 20 லட்சத்துக்கும் அதிகமான கட்டுரைகள் இருக்கின்றன. யாரும் படிக்கலாம், எதற்கும் கட்டணமில்லை. இணைய வேகம் குறைந்த அந்த நாட்களில் அதன் இந்தியப் பிரதி சென்னைத் தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் இயங்கியது. மதுரையிலோ கோழிக்கோட்டிலோ இருந்த ஒரு மாணவர், பிரின்ஸ்டனில் எழுதப்பட்ட கட்டுரையைப் பிரின்ஸ்டன் மாணவர் படிக்கும் அதே நாளில் படிக்க முடிந்தது. ஆய்வு வரலாற்றில் இதற்கு முன் நடந்திராத காரியம் இது. எந்தப் பதிப்பகத்தின் தயவும் இல்லாமல் நடந்தது.

2002 பிப்ரவரியில் புடாபெஸ்ட் பிரகடனம் இந்த அனுபவத்தை எல்லாத் துறைகளுக்குமான கொள்கையாக்கியது. ‘திறந்த அணுக்கம்’ என்ற பெயர் நிலைத்தது அப்போதுதான். அது இரண்டு வழிகளைக் காட்டியது. ஒன்று, எந்த இதழில் எழுதினாலும் தன் கட்டுரையின் பிரதியை ஆய்வாளர் பொதுக் களஞ்சியத்தில் போட்டுவைப்பது. மற்றது, வாசகரிடம் பணம் கேட்காத இதழ்களை உருவாக்குவது. இந்தியாவில் முதல் வழிக்காக ஓயாமல் வாதாடியவர் சென்னையைச் சேர்ந்த தகவல் அறிவியலாளர் சுப்பையா அருணாசலம். பெங்களூர் இந்திய அறிவியல் கழகம் 2002இல் தன் களஞ்சியத்தைத் தொடங்கியிருந்தது. 2004 மே மாதம் அருணாசலம் சென்னை எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தில் பயிலரங்குகள் நடத்தி, நாட்டின் பல நிறுவனங்களிலிருந்து வந்தவர்களுக்கு இபிரின்ட்ஸ் என்ற கட்டற்ற மென்பொருளைக் கொண்டு களஞ்சியம் அமைக்கக் கற்றுக்கொடுத்தார். ஏழை நாடுகளின் ஆய்வாளர்களுக்கு உலகின் கட்டுரைகள் கிடைக்கவில்லை; அவர்கள் எழுதுவதும் உலகின் கண்ணில் படவில்லை. களஞ்சியம் இரண்டு குறையையும் ஒருசேரத் தீர்க்கும் என்பது அவர் வாதம். இருபது ஆண்டு கழித்து அந்த வாதத்தைத் திரும்பிப் பார்க்கும்போது, நாம் ஏன் அதைக் கைவிட்டோம் என்ற வருத்தமே மிஞ்சுகிறது. 2014 டிசம்பரில் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையும் உயிரித் தொழில்நுட்பத் துறையும், தங்கள் நிதியில் நடந்த ஆய்வின் கட்டுரைகளைக் களஞ்சியத்தில் வைக்க வேண்டும் என்று கொள்கை அறிவித்தன. அறிவித்ததோடு சரி. வைக்காதவர்களை யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

உலகம் இரண்டாவது வழியில் போயிற்று. அதுவும் எதிர்பாராத திசையில். வாசகரிடம் பணம் வாங்காவிட்டால் இதழை நடத்துவது எப்படி? நோபல் பரிசு பெற்ற ஹரால்டு வார்மஸும் நண்பர்களும் தொடங்கிய பிளாஸ் அமைப்பு 2003இல் முதல் இதழைக் கொண்டுவந்தபோது, ஏற்கப்பட்ட கட்டுரைக்கு ஆசிரியரிடம் 1,500 டாலர் வாங்குவது என்று முடிவுசெய்தது. அவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் செய்தார்கள். ஆய்வு நிதியிலேயே பதிப்புச் செலவும் அடங்கட்டும் என்பது கணக்கு. அமெரிக்க உயிரியலாளருக்கு அது பொருந்தும். ஆய்வு நிதி என்று ஒன்றைக் கண்ணால் காணாத வரலாற்று ஆசிரியருக்கும், நைஜீரியக் கணிதவியலாளருக்கும், நம் ஊர்க் கலைக் கல்லூரி விரிவுரையாளருக்கும் பொருந்தாது. பெரும் பதிப்பகங்கள் சில ஆண்டுகள் எதிர்த்துப் பார்த்தன; பிறகு இதில் இன்னும் பெரிய வருவாய் இருப்பதைக் கண்டுகொண்டன. சந்தாவுக்கு நூலகத்தின் நிதிநிலை என்ற ஓர் உச்சவரம்பு உண்டு. கட்டுரைக்கு இவ்வளவு என்று வாங்கும்போது, கட்டுரை பெருகப் பெருக வருவாயும் பெருகும்.

2020 நவம்பரில் நேச்சர் இதழ் தன் கட்டணத்தை அறிவித்தது. ஒரு கட்டுரையை எல்லோரும் படிக்கும்படி திறந்துவைக்க 9,500 யூரோ, அன்றைய மதிப்பில் எட்டு லட்சம் ரூபாய்க்கு மேல். அப்போது இந்திய அரசின் இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை மாதம் 31,000 ரூபாய். ஒரு மாணவருடைய இரண்டாண்டுப் பிழைப்புக்கு மேலான தொகை ஒரே கட்டுரைக்கு. மிக ஏழை நாடுகளுக்குப் பதிப்பகங்கள் கட்டண விலக்கு தருகின்றன. இந்தியா பெரும்பாலும் அந்தப் பட்டியலில் வராது. நாட்டின் மொத்த வருமானம் பெரிது என்பது காரணம். அந்த மொத்த வருமானம் சிதம்பரத்தில் இருக்கும் ஆய்வு மாணவரின் பையில் இல்லை.

ஐரோப்பிய நிதி அமைப்புகள் 2018 செப்டம்பரில் ‘பிளான் எஸ்’ என்ற திட்டத்தை அறிவித்தன: தங்கள் பணத்தில் நடந்த ஆய்வு வெளியான அன்றே எல்லோருக்கும் கிடைக்க வேண்டும். கொள்கை அளவில் இது பெரும் முன்னேற்றம். நடைமுறையில் அதற்கான விலையை அரசுகளே பதிப்பகங்களுக்குக் கொடுத்தன. ஜெர்மனி வைலி, ஸ்பிரிங்கர் நேச்சர் பதிப்பகங்களோடும், 2023இல் எல்சவியரோடும், நாடு முழுமைக்குமான ஒப்பந்தம் போட்டது. ஜெர்மானியர் எழுதும் கட்டுரை உலகத்துக்குத் திறக்கிறது, நாமும் படிக்கிறோம். ஆனால் இந்த ஏற்பாட்டில் பணக்கார நாட்டின் குரல் எல்லோருக்கும் இலவசமாகக் கேட்கும்; ஏழை நாட்டின் குரல் கட்டண மதிலுக்குள்ளேயே கிடக்கும். பழைய முறையில் நாம் படிக்க முடியாதவர்களாக இருந்தோம். புதிய முறையில் படிக்கலாம், எழுத முடியாது. இதில் எது மோசம் என்று என்னைக் கேட்டால், இரண்டாவதுதான் என்பேன். அறிவை வாங்கி மட்டும் உண்ணும் சமூகமாக நம்மை நிரந்தரமாக்கிவிடுவது அது.

கட்டுரை எண்ணிக்கையே வருவாய் என்றான பிறகு தரம் என்ன ஆகும் என்பதற்கு ஹிந்தாவி சாட்சி. 1997இல் கெய்ரோவில் தொடங்கிய பதிப்பகம் அது. வளரும் நாடு ஒன்றிலிருந்து எழுந்து, திறந்த இதழ்களை வெற்றிகரமாக நடத்திக் காட்டியது. 2021இல் வைலி 29.8 கோடி டாலர் கொடுத்து அதை வாங்கியது. சிறப்பிதழ்கள் என்ற பெயரில் கட்டுரைகள் வெள்ளமாகப் பெருகின. காசுக்குக் கட்டுரை எழுதிக் கொடுக்கும் ஆலைகள் அந்தச் சிறப்பிதழ்களுக்குள் புகுந்தன. 2023இல் மட்டும் 8,000க்கும் அதிகமான கட்டுரைகளைத் திரும்பப் பெற நேர்ந்தது. ஹிந்தாவி என்ற பெயரையே கைவிடுவதாக அந்த ஆண்டு இறுதியில் வைலி அறிவித்தது. இப்படிக் கைமாறியது ஹிந்தாவி மட்டுமல்ல. மும்பையில் வளர்ந்த மெட்நோ பதிப்பகம், இந்திய மருத்துவச் சங்கங்களின் இதழ்களை இணையத்தில் இலவசமாகத் தந்துகொண்டிருந்தது. 2011இல் டச்சு நிறுவனமான வோல்டர்ஸ் குளூவர் அதை வாங்கியது. சமூக அறிவியல் கட்டுரைகளின் களஞ்சியமான எஸ்எஸ்ஆர்என் 2016இல் எல்சவியரிடம் போனது. திறந்திருக்கிறது என்பது மட்டும் ஒரு காப்பும் அல்ல. உரிமையாளர் யார் என்பதே கேள்வி. தனியாரிடம் உள்ள எந்தத் திறந்த களஞ்சியத்தையும் நாளை ஒரு காசோலை வாங்கிவிடும்.

ஹிந்தாவியாவது ஒரு காலத்தில் மெய்யான பதிப்பகம். பணம் வாங்கிக்கொண்டு எதை அனுப்பினாலும் அச்சிடும் போலி இதழ்களின் பெருந்தளம் நம் நாடு என்பதைச் சொல்லாமல் தாண்டிப்போக எனக்கு மனமில்லை. இத்தகைய இதழ்களில் 2010இல் 53,000 கட்டுரைகள் வந்தன என்றும், 2014இல் அது 4.2 லட்சமாயிற்று என்றும் பின்லாந்து ஆய்வாளர்கள் இருவர் மதிப்பிட்டார்கள். எழுதியவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் இந்தியர். ஹைதராபாத்தைச் சேர்ந்த ஓமிக்ஸ் குழுமத்துக்கு எதிராக 2019இல் அமெரிக்க நீதிமன்றம் 5 கோடி டாலருக்கு மேல் தீர்ப்பளித்தது. இதை ஆய்வாளர்களின் ஒழுக்கக் குறைவு என்று மட்டும் பேசுவது அநியாயம். முனைவர் பட்டத்துக்கு ஆய்வேடு தரும் முன் இதழில் கட்டுரை வெளியாகியிருக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு ஆண்டுக்கணக்கில் கட்டாயப்படுத்தியது. 2022 நவம்பரில்தான் அதைத் தளர்த்தியது. ஒவ்வோர் ஆண்டும் பல்லாயிரம் மாணவர்களிடம் கட்டுரை கேட்டுவிட்டு, அதை வெளியிடத் தரமான இதழ்களை வளர்க்காமல் விட்டால் அந்த இடத்தைக் கடைக்காரர்கள் நிரப்புவார்கள். அங்கீகரித்த இதழ்களின் பட்டியலை மானியக் குழு வெளியிட்டது. 2018இல் அதிலிருந்து 4,305 இதழ்களை நீக்கியது. பிறகு கேர் பட்டியல் என்று இன்னொன்றைக் கொண்டுவந்தது. 2025 பிப்ரவரியில் அதையும் கைவிட்டது. பட்டியல்கள் மாறின. ஒரு தமிழ்த் துறை ஆய்வு மாணவி, சில ஆயிரம் ரூபாய் கட்டி யாரும் படிக்காத இதழில் தன் மூன்றாண்டு உழைப்பைப் புதைக்கும் நிலை மாறவில்லை.

சட்டத்துக்கு வெளியே நடந்ததையும் பார்க்க வேண்டும். கசகஸ்தானைச் சேர்ந்த அலெக்சாண்டிரா எல்பாக்யான் என்ற மாணவி 2011இல் தொடங்கிய சைஹப் தளம், கட்டண மதிலுக்குள் இருந்த கோடிக்கணக்கான கட்டுரைகளை வெளியே கொண்டுவந்து வைத்தது. 2015 செப்டம்பரிலிருந்து ஆறு மாதத்தில் 2.8 கோடி பதிவிறக்கங்கள் நடந்ததாக அந்தத் தளத்தின் தரவைக் கொண்டு சயின்ஸ் இதழ் எழுதியது. சீனா, இந்தியா, ஈரான் முன்வரிசையில் நின்றன. ஆனால் சந்தா கட்டும் பல்கலைக்கழகங்கள் நிறைந்த அமெரிக்காவிலும் ஏராளமானோர் பயன்படுத்தினார்கள். நியூயார்க் நீதிமன்றம் 2017இல் எல்சவியருக்கு 1.5 கோடி டாலர் இழப்பீடு தரச் சொன்னது. 2020 டிசம்பரில் எல்சவியர், வைலி, அமெரிக்க வேதியியல் கழகம் மூன்றும் டெல்லி உயர் நீதிமன்றத்துக்கு வந்தன. புதிய கட்டுரைகளைச் சேர்ப்பதில்லை என்று அந்தத் தளம் வாக்களித்தது. 2025 ஆகஸ்டில் இந்தியாவில் அதை முடக்க உத்தரவு வந்தது. சட்டத்தை மீறியது உண்மை. அதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் ஒரு தலைமுறை இந்திய ஆய்வேடுகள் எதைப் படித்து எழுதப்பட்டன என்பது வழிகாட்டிகளுக்கும் தெரியும், தேர்வாளர்களுக்கும் தெரியும். இதே டெல்லி உயர் நீதிமன்றம் 2016இல், ராமேஸ்வரி ஜெராக்ஸ் கடை வழக்கில், வகுப்புக்காகப் பாடநூல் பகுதிகளைப் படியெடுத்துத் தொகுப்பது பதிப்புரிமை மீறலாகாது என்று தீர்ப்பளித்திருந்தது. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பதிப்பகங்கள் தொடுத்த வழக்கு அது. கற்பவரின் தேவைக்கு நம் சட்டத்தில் இடம் உண்டு என்பதற்கு அந்தத் தீர்ப்பு சான்று.

இந்தப் பின்னணியில்தான் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ வந்தது. 2024 நவம்பர் 25 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. 2025 ஜனவரியில் தொடங்கியது. 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்களை, அரசு நடத்தும் 6,300க்கும் மேற்பட்ட கல்வி, ஆய்வு நிறுவனங்களில் உள்ள ஏறத்தாழ 1.8 கோடிப் பேர் படிக்கலாம். 2025 முதல் 2027 வரை மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய். இதனால் விளையும் நன்மையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். இராமநாதபுரத்தில் உள்ள ஓர் அரசுக் கல்லூரி மாணவிக்கும் ஐஐடி மாணவருக்கும் ஒரே இதழ் ஒரே நாளில் கிடைப்பது சமத்துவத்தின் பெரிய அடியெடுப்பு. தேர்ந்தெடுத்த திறந்த இதழ்களில் எழுதுவோரின் கட்டணத்துக்காக ஆண்டுக்கு 150 கோடி வரை தனி நிதியும் உண்டு.

ஆனால் தமிழ்நாட்டில் பொறியியல் படிப்போரில் பெரும்பாலோர் சுயநிதிக் கல்லூரிகளில் இருக்கிறார்கள். இந்தக் கட்டத்தில் அவர்கள் வெளியே. சிற்றூரில் மருத்துவமனை நடத்தும் மருத்துவர், பத்திரிகையாளர், ஓய்வுபெற்ற பேராசிரியர், பள்ளி ஆசிரியர், தன் நிலத்தின் நோயைப் பற்றி அறிய விரும்பும் உழவர், எல்லோரும் வெளியே. 6,000 கோடி கொடுத்த பிறகும், இந்திய அரசுப் பணத்தில் இந்தியர் எழுதி அந்த இதழ்களில் பூட்டப்பட்ட கட்டுரை உலகத்துக்குத் திறக்கவில்லை. 2027 முடிந்ததும் மறுபடி பேரம். அப்போது பழக்கப்பட்டுவிட்ட 1.8 கோடி வாசகர்களைப் பின்னால் நிறுத்திக்கொண்டு அரசு பேச வேண்டும். விலையைச் சொல்வது மறுபக்கம்.

தமிழ்நாட்டுக்கு இதைவிட நல்ல ஒரு முறை தெரியும். 1949இல் சென்னை மாகாண அரசு பாரதியின் படைப்புகளுக்கான உரிமையைப் பெற்றது. அடுத்த பத்தாண்டில் அவை மக்கள் உடைமையாயின. அதன் பிறகு நூற்றுக்கும் மேற்பட்ட எழுத்தாளர்களின் நூல்களைத் தமிழ்நாடு அரசு நாட்டுடைமையாக்கியிருக்கிறது. உரியவர்களுக்கு ஒருமுறை பணம். பிறகு யாரும் அச்சிடலாம், யாரும் படிக்கலாம், என்றென்றைக்கும். கல்கியின் பொன்னியின் செல்வன் இன்று எத்தனை பதிப்பகங்களின் அச்சில், எத்தனை விலைகளில் கிடைக்கிறது என்று புத்தகக் கண்காட்சிக்குப் போகும் எவருக்கும் தெரியும். அந்த முறையை ஒவ்வோர் ஆய்வுக் கட்டுரைக்கும் அப்படியே பொருத்த முடியாது. ஆனால் பொதுப் பணத்தைக் கொடுக்கும்போது பொது உடைமை கைக்கு வர வேண்டும் என்ற எண்ணம் நம் ஆட்சி மரபிலேயே இருக்கிறது. ஆய்விதழ் விஷயத்தில் மட்டும் அதை மறந்து வாடகை கட்டிக்கொண்டிருக்கிறோம்.

வாசகரிடமும் வாங்காமல், எழுதுபவரிடமும் வாங்காமல் இதழ் நடத்த முடியுமா? முடியும். உலகில் அப்படிப்பட்ட இதழ்கள் 17,000 முதல் 29,000 வரை இருக்கலாம் என்று 2021இல் வெளியான ஓர் ஐரோப்பிய ஆய்வு மதிப்பிட்டது. பெரும்பாலும் சிறியவை, பல்கலைக்கழகத் துறைகளும் அறிஞர் கழகங்களும் நடத்துபவை. பெரிய அளவில் செய்து காட்டியது பிரேசில். சாவோ பாலோ மாநில ஆய்வு நிதியம் 1997இல் பத்து பிரேசில் இதழ்களோடு தொடங்கிய சியேலோ, இன்று இலத்தீன் அமெரிக்காவின் பல நாடுகளையும் தென்னாப்பிரிக்காவையும் இணைக்கும் பொது மேடை. மென்பொருள், சேமிப்பு, தரக் கட்டுப்பாடு எல்லாம் பொதுவில். இதழ்கள் அந்தந்தக் கழகங்களின் கையில். போர்த்துகீசிலும் ஸ்பானியத்திலும் எழுதும் மருத்துவரும் சமூகவியலாளரும் தங்கள் மக்கள் படிக்கும் மொழியிலேயே தரமான இதழில் எழுதலாம். நாம் கூர்ந்து கவனிக்க வேண்டியது இதைத்தான். ஆங்கில இதழ்களுக்குச் சந்தா கட்டுவதால் தமிழில் ஆய்வு எழுதுபவருக்கு ஒரு பைசாப் பயனும் இல்லை. சங்க இலக்கியம், கல்வெட்டியல், நாட்டாரியல், ஈழ வரலாறு இவற்றில் தமிழில் நடக்கும் ஆய்வுக்குத் தேவை, மதிப்பீட்டாளர்கள் உண்மையிலேயே படித்துப் பார்த்து வெளியிடும், எவரிடமும் காசு கேட்காத, நிலையான முகவரியில் அழியாமல் நிற்கும் இதழ்கள்.

அதற்கான அடித்தளம் நம்மிடம் இல்லாமலில்லை. சி.வி. இராமன் 1934இல் நிறுவிய இந்திய அறிவியல் அகாதெமி, தன் இதழ்களை ஆசிரியர் கட்டணமின்றி நடத்தித் தன் இணையதளத்தில் எல்லோருக்கும் தந்துவந்திருக்கிறது. காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்தும் சோத்கங்காவில் நாட்டின் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் லட்சக்கணக்கில் திறந்து கிடக்கின்றன; 2009இல் மானியக் குழு கட்டாயமாக்கியதால் வந்தது அது. தமிழ் ஆய்வேடுகளை அங்கே தேடிப் படிக்கும் மாணவர்கள் ஏராளம். கட்டாயம் என்றால் நடக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஒரே சந்தாவை ஒருங்கிணைப்பதும் அதே இன்ஃப்ளிப்நெட்தான். 6,000 கோடியில் நூற்றில் ஒரு பங்கு, 60 கோடியை, இந்திய மொழிகள் உட்பட நம் இதழ்களுக்கான பொது மேடைக்கு ஒதுக்கினால், அதை நடத்தத் தெரிந்தவர்கள் ஏற்கெனவே அங்கே இருக்கிறார்கள்.

பதிப்பகங்களை விட்டு வெளியேற ஆய்வாளர்களுக்குத் துணிவு வருவதும் நடக்கிறது. மூளைப் படிமவியலில் முன்னணி இதழான நியூரோஇமேஜின் நாற்பதுக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள், 3,450 டாலர் கட்டணத்தைக் குறைக்க எல்சவியர் மறுத்ததால் 2023 ஏப்ரலில் ஒட்டுமொத்தமாக விலகி, எம்ஐடி அச்சகத்தோடு புதிய இதழ் தொடங்கினார்கள். இதழ் என்பது அதன் பெயரல்ல, அதைப் படித்துத் தேர்ந்தெடுக்கும் மனிதர்கள் என்பதை அவர்கள் காட்டினார்கள். கேட்ஸ் அறக்கட்டளை 2025 முதல் ஆசிரியர் கட்டணத்துக்குப் பணம் தருவதை நிறுத்திவிட்டு, முன்பதிப்பை, அதாவது இதழில் அச்சாகும் முந்தைய வடிவத்தை, களஞ்சியத்தில் வைத்தாலே போதும் என்று சொல்லிவிட்டது. 1991இல் கின்ஸ்பார்க் செய்ததற்கும் 2004இல் அருணாசலம் கற்பித்ததற்கும் சுற்றி வந்து சேர்கிறது உலகம்.

இதற்கிடையே பதிப்புரிமையை எழுதிக் கொடுப்பதன் பொருளே மாறிக்கொண்டிருக்கிறது. டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ் பதிப்பகத்தின் தாய் நிறுவனமான இன்ஃபார்மா, தன் உள்ளடக்கத்தைச் செயற்கை நுண்ணறிவுக்குப் பயன்படுத்த மைக்ரோசாஃப்டுடன் ஒப்பந்தம் செய்ததாக 2024 மே மாதம் அறிவித்தது. தொடக்கத் தொகை மட்டும் ஒரு கோடி டாலர். அதைச் செய்தித்தாளில் படித்துத் தெரிந்துகொண்ட நூலாசிரியர்கள் கொதித்தார்கள். கையெழுத்துப் போட்ட நாளில் அவர்கள் இதை நினைத்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஒரு ரூபாய் செலவில்லாமல் செய்யக்கூடிய சீர்திருத்தமும் உண்டு. ஜெர்மனி 2014 ஜனவரியில் தன் பதிப்புரிமைச் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்தது. குறைந்தது பாதியளவு பொதுப் பணத்தில் நடந்த ஆய்வென்றால், இதழில் வெளியாகி 12 மாதம் கழித்து, ஏற்கப்பட்ட வடிவத்தை இலாப நோக்கின்றிப் பொதுவில் வெளியிடும் உரிமை ஆசிரியருக்கு உண்டு. பதிப்பகத்துக்கு எதை எழுதிக் கொடுத்திருந்தாலும் அந்த உரிமை போகாது. என்ன கையெழுத்து வாங்கினாலும் பறிபோகாத உரிமை என்பது இந்தியச் சட்டத்துக்கும் அந்நியமில்லை. திரைப்படப் பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்கள் ராயல்டி உரிமையைத் தயாரிப்பாளருக்கு விட்டுக்கொடுக்க முடியாதபடி 2012 திருத்தம் செய்திருக்கிறது. பேரம் பேசும் வலு இல்லாத படைப்பாளியைச் சட்டம் காக்க வேண்டும் என்ற காரணத்துக்காக. எல்சவியரின் படிவத்தில் கையெழுத்திடும் ஆய்வு மாணவருக்கு அந்தப் பாடலாசிரியரைவிடவும் வலு குறைவு. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் அவருக்காக ஒரு பிரிவைச் சேர்க்க நாடாளுமன்றம் முன்வந்தால், 2027இல் பதிப்பகங்களோடு பேச உட்காரும் அதிகாரிகளின் கையில் ஒரு வலுவான சீட்டு இருக்கும்: இந்தியர் எழுதிய கட்டுரைகள் எங்கள் களஞ்சியத்தில் ஏற்கெனவே திறந்திருக்கின்றன, மீதிக்கு மட்டும் விலை சொல்லுங்கள் என்று.